5 காவல் போட்டும் கோட்டை விட்டார்கள்! ஒரே கட்டளையில் 300 ஜி.பி. தகவல் "அவுட்"

திருடன் வரவில்லை. தீப்பிடிக்கவில்லை. வெள்ளமும் புகவில்லை. பாதுகாக்க வேண்டியவரே தன் கையால் அழித்துவிட்டார். அதுவும் தெரியாமல்!

2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இரவு நடந்த சம்பவம் இது. "கிட்லேப்" என்று ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்து வைக்கும் இடம். பல நாட்டுக்காரர்களும் அதில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த விவரம் எல்லாம் ஒரு பெரிய டேட்டாபேசில் இருந்தது. நம்ம கடைக்காரர் பாஷையில் சொன்னால், பேரேடு.

அசலும் நகலும்

பேரேடு இரண்டு சர்வரில் இருந்தது. ஒன்று அசல். அதில் எழுத எழுத, மற்றதில் நகல் ஏறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அசல் சர்வரில் ஏகப்பட்ட நெரிசல். நகல் ஏறுவது நின்றுபோச்சு.

அதைச் சரிபண்ண ஒரு என்ஜினீயர் உட்கார்ந்தார். நேரமோ நள்ளிரவை நெருங்கிவிட்டது. நகல் சர்வரைத் துடைத்துவிட்டு மறுபடி முயற்சி செய்யலாம் என்று நினைத்து, அழிக்கும் கட்டளையைத் தட்டினார்.

தட்டியது நகல் சர்வரில் அல்ல. அசல் சர்வரில்!

ஓரிரு வினாடியில் விஷயம் புரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது வெறும் 4.5 ஜி.பி.

காவல் இல்லையா?

"ஏன் சார், பேக்கப் எடுத்து வைக்கலையா?" என்று கேட்பீர்கள். வைத்திருந்தார்கள். ஒன்றல்ல, ஐந்து ஏற்பாடு! அவற்றில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்று கம்பெனியே பின்னால் ஒப்புக்கொண்டது.

தினம் ஒரு முழு நகல் எடுத்து வெளிக்கிடங்குக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் கிடங்கு காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு. நகல் எடுக்கும் கருவியோ 9.2. இரண்டும் ஒத்துப்போகாமல் வேலை தோற்றுப் போய்க்கொண்டே இருந்தது. "தோற்றுப்போச்சு" என்று எச்சரிக்கும் ஈமெயிலும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டது. ஆகவே யாருக்கும் தெரியாது.

டிஸ்க்கை அப்படியே படம் பிடித்து வைக்கும் வசதியும் உண்டு. டேட்டாபேஸ் சர்வருக்கு அதைப் போடவே இல்லை. காரணம்? மற்ற காவல் இருக்கிறதே என்ற தைரியம்!

காப்பாற்றிய தற்செயல்

சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு அதே என்ஜினீயர் வேறொரு சோதனைக்காக ஒரு நகல் எடுத்திருந்தார். அதுதான் கைகொடுத்தது. அதைத் திரும்ப ஏற்றவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. புரோகிராம்கள் தப்பின. ஆனால் அந்த 6 மணி நேரத்தில் பதிவானவை போயே போச்சு. சுமார் 5 ஆயிரம் திட்டங்கள், 5 ஆயிரம் கருத்துகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன.

ஒன்று பாராட்ட வேண்டும். கம்பெனி மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டியது.

1998-ல் "டாய் ஸ்டோரி 2" சினிமாவுக்கும் இதே கதிதான். தவறான கட்டளையால் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பும் சரியில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த காலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

நம்பலாமா?

அப்படியானால் காவலே வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். ஆனால் காவல் போட்டாச்சு என்று தூங்கக்கூடாது.

"நிச்சயமாக அழிக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். தினம் நூறு தடவை கேட்டால், படிக்காமலே "ஆமாம்" என்று கை தட்டிவிடும். உடனுக்குடன் ஏறும் நகலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அசலில் ஒரு வரியை அழித்தால் நகலிலும் அது அழியும்!

எனவே நிர்வாகிகள் செய்ய வேண்டியது இதுதான்: பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, திறக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்கென ஒரு ஆள் பொறுப்பு ஏற்க வேண்டும். அசல் எது, நகல் எது என்று திரையிலேயே பளிச்செனத் தெரிய வேண்டும். களைத்துப்போன இரவில் ஒரே ஆளை விட்டு அழிக்கும் வேலை செய்யக்கூடாது.

கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே, ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் குமாஸ்தாக்களே! பேக்கப் எடுத்த பென்டிரைவ் டிராயரில்தானே கிடக்கிறது? இன்று ராத்திரி கடை சாத்துமுன் வேறு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பாருங்கள். நேற்றைய கணக்கு அதில் இருக்கிறதா?