பாடு முறைக்கு ஒரு கட்டளை

பழவேற்காடு ஏரியில் மீனும் இறாலும் நன்றாகப் படுகிற இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலதான் இருக்கின்றன. அங்கே யார் என்றைக்கு வலை வைப்பது என்பதைப் 'பாடு' முறை தீர்மானிக்கிறது. இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு என்று முறை சுற்றி வரும். ஏரியையும் கடலையும் நம்பியிருக்கும் ஊர்களில் இது ஒன்றுதான் நாள் கணக்கு என்றில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகக்கூடாது.

இத்தனை வகை நாட்களையும் ஒரே சிறு கோப்பில் எழுதிவைத்து, காலையில் கணினியிடம் "இன்று என்ன?" என்று கேட்க முடியும். அதற்கான மென்பொருளின் பெயர் 'ரிமைண்ட்'. பட்டன்களும் படங்களும் கிடையாது. கட்டளைகளைத் தட்டும் கருந்திரையில் 'ரிமைண்ட்' என்று தட்டி, கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், இன்றைக்குரிய வரிகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

இதற்கு முன்னோடி 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்த 'கேலண்டர்' என்ற கட்டளை. ஒரு கோப்பில் தேதியோடு குறிப்புகளை எழுதிவைத்தால், இன்றைய, நாளைய தேதியுள்ள வரிகளை அது எடுத்துக் காட்டும். வெள்ளிக்கிழமை கேட்டால் திங்கள் வரைக்கும் பார்த்துச் சொல்லும். ஆனால் அதற்குத் தேதியைத் தேடத்தான் தெரியும். கனடாவைச் சேர்ந்த டயான் ஸ்கோல் எழுதி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்துவரும் 'ரிமைண்ட்' நாளைக் கணக்கிட்டே கண்டுபிடிக்கும்.

பாடு முறையையே எடுத்துக்கொள்வோம். மூன்று குழுக்கள் மாறி மாறி வலை வைப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரி வேண்டும். தொடக்கத் தேதி, பிறகு நட்சத்திரக் குறியும் 3 என்ற எண்ணும், கடைசியில் காட்ட வேண்டிய செய்தி. மூன்று நாளைக்கு ஒருமுறை அந்த வரி தானாக வரும். அடுத்த குழுவின் வரியில் தொடக்கத் தேதியை ஒரு நாள் தள்ளி எழுதினால் சரியாகிவிடும். மொத்தம் மூன்றே வரிகள், எந்த ஆண்டுக்கும் பொருந்தும்.

இங்கேதான் எனக்கு இந்தக் கருவி மிகவும் பிடித்துப்போகிறது. திருவிழா நாளில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை என்றால், அந்தத் தேதியை விலக்கு நாளாக அறிவிக்கலாம். 'ஸ்கிப்' என்ற சொல்லையும் வரியில் சேர்த்துவிட்டால் அன்றைய நினைவூட்டல் வராது. ஆனால் அன்று யாருடைய முறையோ அவர் அதை இழந்துவிடுவார். கணக்கு அவருக்காக நிற்காமல் அடுத்த குழுவுக்குப் போய்விடும். இழந்த முறையை மறுநாள் அவருக்கே தர வேண்டுமென்றால் மூன்று வரிகளின் தொடக்கத் தேதிகளையும் மாற்றியாக வேண்டும். இது கணினி தீர்க்கிற விஷயமே இல்லை, ஊர் கூடிப் பேசி முடிவு செய்வது. வாய்மொழியாகவே ஓடும் ஒரு விதியை எழுத உட்காரும்போது, அது எந்த இடத்தில் பேசித் தெளிவாக்கப்பட வேண்டும் என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

நிலவுக் கணக்கும் 'ரிமைண்ட்'டுக்குள்ளேயே இருக்கிறது. கேட்ட நாளில் நிலவின் நிலையை 0 முதல் 359 வரை பாகைகளில் சொல்லும். 0 அமாவாசை, 180 பௌர்ணமி. ஒரு திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகல். ஆகவே வந்த எண்ணை 12-ஆல் வகுத்தால் திதி ஏறத்தாழக் கிடைத்துவிடும். நாழிகை சுத்தமாக வேண்டுமென்றால் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தடைக்காலத்துக்கு ஆண்டைக் குறிப்பிடாமல் ஏப்ரல் 15 என்று எழுதி, கூட்டல் குறியோடு 10 சேர்த்தால் பத்து நாள் முன்பிருந்தே நினைவூட்டத் தொடங்கும். ஆனால் சட்டம் மாறினால் கோப்பையும் மாற்ற வேண்டும். 2017-க்கு முன் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் இந்தத் தடை 45 நாட்கள்தான், பிறகு 61 நாட்களானது.

ராக்கெட் நாளுக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. சந்திரயான்-2 பயணம் 2019 ஜூலை 15 அன்று புறப்பட இருந்து, கடைசி நேரத்தில் நின்று, 22-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. இப்படிப்பட்ட நாட்களை அறிவிப்பு வர வரக் கையால்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

கரையில் யாரும் கருந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. அதற்கும் இதில் வழியுண்டு. 'ரெம்2பிடிஎஃப்' என்ற துணைக் கருவி இதே கோப்பிலிருந்து மாத நாட்காட்டியைக் கட்டம் கட்டி அச்சுக்குத் தரும். செய்திகளைத் தமிழில் எழுதியிருந்தாலும் எழுத்து உடையாமல் வரும். ஊரில் ஒருவரிடம் லினக்ஸ் உள்ள பழைய கணினி ஒன்று இருந்தால் போதும், மாதம் ஒரு தாளை அச்சிட்டு மீனவர் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிவிடலாம்.