நீடித்த காய்ச்சலும் இருதய வால்வும்

தொழிலின் நிமித்தம் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் குடியேறியுள்ள நம் குடும்பங்களில், காய்ச்சல் கண்டால் மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரை வாங்கி விழுங்குவது வழக்கமாகிவிட்டது. இங்கே குணமாகாவிடில் களியக்காவிளைக்குச் சென்று வேறு மாத்திரை வாங்குகிறோம். இருதய வால்வு பழுதுற்றவருக்கு இவ்வழக்கம் உயிராபத்தாக முடியக்கூடும்.

இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தம் ஒரே திசையில் செல்லுமாறு திறந்து மூடும் கதவுகள் இவை. சிறு பிராயத்துத் தொண்டைப் புண்ணைக் கவனியாது விட்டால், சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் தோன்றி இக்கதவுகள் தழும்பேறிவிடுகின்றன. பிறவியிலேயே குறையுள்ளோரும் உளர். செயற்கை வால்வு பொருத்தப் பெற்றோரும் உளர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உருவாக்கிய செயற்கை வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் பல்லாயிரம் பேர் அதனால் வாழ்வு பெற்றனர்.

சொத்தைப் பல், ஈறு நோய், தோற்புண் ஆகியவற்றிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் இத்தகைய வால்வுகளில் ஒட்டிக்கொண்டு பெருகுகின்றன. இதுவே வால்வு அழற்சி நோய்.

வாரக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, மூச்சுத் திணறல் ஆகியன இதன் அறிகுறிகள். சிலருக்கு நகத்தடியில் மெல்லிய செங்கோடுகள் காணும். வால்வில் திரண்ட கட்டியின் துணுக்கு பிரிந்து மூளையை அடைந்தால் பக்கவாதம் உண்டாகும். 1885-இல் லண்டனில் இந்நோய் பற்றி விரிவுரை ஆற்றிய டாக்டர் வில்லியம் ஆஸ்லர், இதனைக் கண்டறிதல் அரிது என்று எடுத்துரைத்தார்.

இன்று வழி உண்டு. வெவ்வேறு இடங்களில் மும்முறை இரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிறார்கள். எக்கோ பரிசோதனையால் வால்வில் உள்ள கட்டியைக் காண்கிறார்கள். ஆனால், இரத்தம் எடுப்பதற்கு முன்பே கிருமிக்கொல்லி மாத்திரை உட்கொண்டிருந்தால், கிருமி முற்றும் அழியாமலே சோதனையில் மறைந்துவிடலாம். நோய் உள்ளே வளர, நாமோ குணமாயிற்று என்று ஏமாறுவோம். நோய் தெளிவானால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஊசி வழியே மருந்து செலுத்துவர். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

ஆகவே, வால்வில் குறையுள்ளோர் தினமும் பல் துலக்கி, ஈறுகளைப் பேணுதல் வேண்டும். பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் தம் நோயைச் சொல்லுதல் வேண்டும். காய்ச்சல் தணியாவிடில், தாமே மாத்திரை உட்கொள்ளாது உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். ஊர் விட்டு ஊர் மாறும் நாம், பழைய மருத்துவச் சீட்டுகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்து உடன் கொண்டு செல்வோமாக. புதிய ஊரின் மருத்துவருக்கு நம் இருதயத்தின் வரலாற்றைச் சொல்பவை அச்சீட்டுகளே.