நாய்க்குத் துணையாக நாலு நடை

இவருக்கு இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்து மூன்று வருஷமாகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் வீட்டில் நான் மட்டும்தான். படித்தது பிளஸ் டூ. வாடகையும் கரண்ட் பில்லும் போக இவர் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது பெரும்பாடு. நாமும் நாலு காசு சம்பாதித்தால் என்ன என்று தோன்றியது. இவருடைய விசாவைச் சார்ந்து வந்த எனக்கு வேலை பார்க்கவும் சொந்தத் தொழில் செய்யவும் அனுமதி உண்டு. எல்லா விசாவுக்கும், எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நாயோ பூனையோ இருக்கிறது. ஆனால் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கழுத்துப்பட்டை, கிண்ணம், மெத்தை என்று சாமான் வாங்கி விற்கலாமா என்று முதலில் கணக்குப் போட்டேன். எனக்கு மொத்த விலையாகச் சொன்னதைவிட சூப்பர் மார்க்கெட்டில் சில்லறை விலை குறைவு! சாமான் வியாபாரம் வேண்டாம், நம் காலும் நேரமும்தான் முதல் என்று தீர்மானித்தேன். பகலில் தனியாகக் கிடக்கும் நாய்களை நடக்க அழைத்துப் போவதற்குக் கூலி உண்டு.

போனில் சொன்னதும் மாமியார், "கடல் தாண்டிப் போயும் நாய் மேய்க்கணுமாம்மா?" என்றார். "இங்கே இதுவும் ஒரு வேலைதான் அத்தை. யாரும் கேவலமா நினைக்கிறதில்லை" என்றேன்.

இடுப்பு ஆபரேஷன் ஆன பக்கத்து வீட்டுப் பாட்டியின் நாய்தான் என் முதல் வாடிக்கை. அரை மணிக்கு 10 பவுண்ட். நான் வாங்கியது உறுதியான கயிறு ஒன்று, தண்ணீர்க் கிண்ணம், கழிவை எடுக்கும் பைகள், மழைக்கோட்டு, இவ்வளவுதான். கழிவை எடுக்காமல் வந்தால் அபராதம் போடுவார்கள். பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்று 1992-லேயே உத்தரவு வந்துவிட்டது. அது இல்லாத நாயை நான் வாசல் தாண்ட விடுவதில்லை. பிறருக்கு நாயால் ஏதாவது நேர்ந்தால் ஈடுகட்ட இன்ஷூரன்ஸும் எடுத்துக்கொண்டேன்.

நடத்திக் கூட்டிப்போக இங்கே பொதுவாக லைசென்ஸ் கேட்பதில்லை. ஒரே சமயத்தில் பல நாய்களைக் கூட்டிப்போக மட்டும் சில ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. ஆனால் பிறர் நாயை நம் வீட்டில் பகலிலோ இரவிலோ வைத்துக்கொண்டு தொழிலாகக் காசு வாங்கினால், 2018-ல் வந்த விதிகளின்படி கவுன்சில் லைசென்ஸ் கட்டாயம். அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஒவ்வொரு நாயையும் தேவைப்பட்டால் தனியே வைக்க ஓர் அறை வேண்டும். தடுப்பூசி போட்டதற்குச் சான்று வேண்டும். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

போன கோடையில் ஒரு குடும்பம் ஸ்பெயினுக்குப் போகும்போது, "பத்து நாள் நாயை வைத்துக்கொள்ளுங்கள், 250 பவுண்ட் தருகிறோம்" என்றார்கள். பெரியவளின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம் அது. மனசு அலைபாய்ந்தது. ஆனாலும் லைசென்ஸ் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். திரும்பி வந்ததும் அதே குடும்பம் வாரம் மூன்று நடைக்கு என்னையே வைத்துக்கொண்டது!

"வீட்டிலேயே நாய் பிஸ்கட் செய்து விற்கலாமே" என்றாள் ஒரு தோழி. அதற்கும் அரசாங்கத்தின் கால்நடைத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். வரிக் கணக்கும் உண்டு. ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரி இலாகாவில் பதிய வேண்டும். அதனால் அன்றாட வரவு செலவை நோட்டில் எழுதிவிடுகிறேன்.

பிராணிகளோடு பழகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் சமையல் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை, உலர்ந்த திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட்டும் விஷம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் அதைவிட மோசம். ஆசைப்பட்டுக் கேட்கிறதே என்று சாம்பார் சாதம் போட்டுவிடாதீர்கள். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. லேபிளைப் படித்து, சந்தேகமிருந்தால் கால்நடை டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவியபின்தான் சாப்பாடு.

இன்று வாரத்துக்கு 100 பவுண்ட் வருகிறது. பெரிய பணம் இல்லைதான். ஆனாலும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு இவர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆங்கிலமும் நாயோடு நடந்து நடந்தே சரளமாகிவிட்டது! அயல்நாட்டில் புதிதாகக் குடியேறி, ஏதாவது செய்யலாமே என்று நினைக்கும் சகோதரிகள் கடன் வாங்கிச் சரக்கு அடுக்காதீர்கள். ஒரே ஒரு நாயோடு ஆரம்பியுங்கள். மூன்று மாதம் ஓடிய பிறகு அடுத்த அடியை வைக்கலாம்.