முட்டை ஊறுகாயில் அமிலத்தின் பயணம்

ஜவ்வாது மலையின் விளைபொருள்கள் எவை என்று கேட்டால் சாமை, புளி, தேன், பலா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வானவியலில் ஆர்வம் உள்ளவர்கள் அம்மலையின் காவலூரில் உள்ள தொலைநோக்கி நிலையத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் இவற்றைவிட எளியது. அதுதான் நாட்டுக்கோழி முட்டை.

மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவற்றை ஊறுகாய் போடுகிறோம். முட்டையையும் அவ்வாறு போட முடியுமா? முடியும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வினிகரில் ஊறிய முட்டை பழக்கமான பண்டம். நம் வீட்டிலும் செய்யலாம். ஆனால் மாங்காய்க்குப் பொருந்தும் விதி முட்டைக்குப் பொருந்தாது. ஏன் என்பதை அறிந்துகொண்ட பிறகே ஜாடியை எடுக்க வேண்டும்.

காயும் முட்டையும்

ஒரு பொருள் அமிலமா, காரமா என்பதைப் பி.எச். என்னும் அளவுகோலால் குறிப்பிடுகிறோம். 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். புளிப்பு மாங்காய்க்கு அது ஏறக்குறைய 3 ஆகும். அதாவது இந்தக் காய்களின் புளிப்பு உள்ளிருந்தே வருகிறது. உப்பும் எண்ணெயும் மிளகாயும் அதற்குத் துணை நிற்கின்றன.

முட்டையின் நிலை இதற்கு நேர் மாறானது. புதிய முட்டையின் வெண்கருவுக்குப் பி.எச். ஏறக்குறைய 7.6. நாள் செல்லச் செல்ல, ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதால் அது 9-ஐயும் தாண்டும். நாம் உண்ணும் இயற்கை உணவுகளில் காரத்தன்மை உடையவை மிகச் சில. அவற்றுள் வெண்கருவும் ஒன்று. மஞ்சள் கரு 6-க்குச் சற்று மேல் இருக்கும். ஆகவே முட்டைக்கு வேண்டிய புளிப்பு முழுவதும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். முதலில் வெண்கருவின் காரத்தன்மையை வென்று, பிறகு கொழுப்பு நிறைந்த மஞ்சள் கருவினுள் நுழைந்து, நடுமையத்தை அடைய வேண்டும். நாட்டுக்கோழி முட்டையில் இந்தத் தொலைவு சுமார் 2 சென்டிமீட்டர்.

மண்ணில் உறங்கும் வித்து

அமிலம் மெதுவாகப் போனால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா உண்டு. மண்ணிலும் தூசியிலும் அது வித்து வடிவில் உறங்கிக் கிடக்கும். காற்றில்லாத இடமும், 4.6-க்கு மேற்பட்ட பி.எச்.சும், போதிய வெப்பமும் கிடைத்தால் அவ்வித்து முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சை உண்டாக்கும். அவித்த மஞ்சள் கருவின் நடுவே காற்றுப் புகுவது அரிது. அந்த இடத்தில் புளிப்பும் இன்னும் சேரவில்லை என்றால், வித்துக்கு அதைவிட வசதியான இடம் வேறு வேண்டுமா?

முட்டையை அவிக்கும்போது வித்துகள் இறந்துவிடாவா? இறப்பதில்லை. அவற்றை நம்பகமாக அழிப்பதற்கு 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கொதிநீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். மலையில் அதுகூடக் கிடைக்காது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே தண்ணீர் 97.5 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

ஓர் ஊசிக்குத்தின் விளைவு

1997-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சி இது. ஒருவர் அவித்த முட்டைகளை உரித்து, பல் குத்தும் குச்சியால் துளையிட்டு, பீட்ரூட், மிளகாய் ஆகியவற்றுடன் வினிகரில் ஊறப் போட்டார். ஜாடியை இறுக மூடி, குளிர்பெட்டியில் வைக்காமல் அறையிலேயே வைத்திருந்தார். அதை உண்டபின் அவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தது. பின்னர் மூச்சுத் தசைகளும் தளர்ந்தன. இயந்திரத்தின் உதவியால் மூச்சுவிட்டு, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு அவர் குணமடைந்தார்.

ஜாடியைச் சோதித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. வினிகர் நீரின் பி.எச். 3.5; அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மஞ்சள் கருவின் பி.எச். 6.8! நீரில் இருந்ததைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு நஞ்சு மஞ்சள் கருவில் இருந்தது. வினிகர் எளிதில் இறங்கட்டும் என்றுதான் பலர் முட்டையைக் குத்துகிறார்கள். ஆனால் அதே துளை வழியாக வித்துகளும் உள்ளே போய்விடுகின்றன. ஆகவே முட்டையைக் குத்தக் கூடாது. வெளியில் வைக்கவும் கூடாது.

போடும் முறை

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாட்டுக்கோழி முட்டைகளைத் தண்ணீரிலிட்டு, கொதி வந்தபின் 12 நிமிடம் வேகவிடுங்கள். மலையில் இருப்பவர்கள் இன்னும் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். பிறகு குளிர்ந்த நீரில் போட்டுக் கீறல் விழாமல் உரித்து எடுங்கள். ஓட்டோடு போட்டால், ஓட்டில் உள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்துடன் வினை புரிந்து அதன் வலிமையைக் குறைத்துவிடும்.

கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடி ஜாடியில் முட்டைகளை அடுக்குங்கள். சுமார் 400 மில்லிலிட்டர் வினிகருடன் ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிது மிளகு, கடுகு, காய்ந்த மிளகாய் சேர்த்து ஐந்து நிமிடம் சூடாக்கி, முட்டைகள் முழுதும் மூழ்கும்படி ஊற்றுங்கள். போதாவிட்டால் தண்ணீர் சேர்க்காதீர்கள், வினிகரையே சேருங்கள். நம் கடைகளில் கிடைக்கும் வினிகரில் பெரும்பாலும் 4 சதவீத அளவே அசெட்டிக் அமிலம் இருக்கும். வெளிநாட்டுக் குறிப்புகள் 5 சதவீதத்தைக் கருதி எழுதப்பட்டவை. எனவே சீட்டில் எழுதியுள்ள அளவைப் படித்து, கூடுதல் வலிமை உள்ளதையே வாங்குங்கள்.

மலையில் விளையும் புளியைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா? புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். புளிக்குப் புளி, கரைசலுக்குக் கரைசல் அதன் அளவு மாறும். அளவு தெரியாத அமிலத்தை நம்பி முட்டையை ஒப்படைக்க முடியாது. புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்வோம்.

உலோக மூடியை அமிலம் அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் மூடியால் மூடி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அங்குள்ள 4 டிகிரி அளவான குளிர், அமிலம் மையத்தை எட்டும்வரை காவல் நிற்கிறது. சிறிய முட்டைக்கு ஒன்று முதல் இரண்டு வாரமும், பெரிய முட்டைக்கு இரண்டு முதல் நான்கு வாரமும் ஊற வேண்டும். ஊறிய பிறகும் ஜாடி குளிர்பெட்டியிலேயே இருக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் உண்டு முடிப்பது நல்லது. மார்கழி இரவில் மலை குளிர்ந்தாலும் பகலில் வெயில் ஏறிவிடும். அது குளிர்பெட்டிக்கு ஈடாகாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும், நீண்ட நேரம் மின்சாரம் தடைப்படும் ஊரிலும் இந்த ஊறுகாய் வேண்டாம். அவித்த முட்டையை அன்றே உண்பதுதான் சிறந்தது. கெட்டுப்போனதோ என்று ஐயம் எழுந்தால் சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அந்த நஞ்சுக்கு வாசனையும் இல்லை, சுவையும் இல்லை.

செம்பருத்திச் சோதனை

அமிலம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கண்ணால் காண முடியும். செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்தச் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். வினிகரிலும் சுண்ணாம்புத் தெளிநீரிலும் முதலில் சோதித்துப் பாருங்கள்.

சோதனைக்கென்று தனி ஜாடியில் நான்கு முட்டைகளை ஊறவைத்து, அதையும் குளிர்பெட்டியில் வையுங்கள். முதல் நாள், இரண்டாம் நாள், நான்காம் நாள், எட்டாம் நாள் ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் சாற்றைத் தடவுங்கள். சிவந்த வளையத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முட்டைகளை உண்ண வேண்டாம்.

அமிலம் இவ்வாறு பரவுவதை விரவல் என்கிறோம். விரவலில் தொலைவு இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். 1 மில்லிமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் போக நூறு மணி நேரம் ஆகும். முட்டைக்குள் காரமும் கொழுப்பும் குறுக்கிடுவதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாமலும் போகலாம். உங்கள் அளவுகளை வரைபடத் தாளில் குறித்து, எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு பண்ணைக்கோழி முட்டையின் அகலத்தையும் நாட்டுக்கோழி முட்டையின் அகலத்தையும் அளந்து, பெரிய முட்டைக்கு எத்தனை நாள் கூடுதலாக வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.