காற்றின் பெயரும் கடலின் பொருளும்: பசிபிக் தீவுகளின் வானிலைச் சொற்கள்

மலாய் மொழியில் 'பாராட்' என்பது மேற்குத் திசையைக் குறிக்கும் என்பதை நம்மில் பெரும்பாலோர் அறிவர். அதே மூலத்திலிருந்து பிறந்த 'அஃபா' என்னும் சொல் சாமோவா, டோங்கா ஆகிய பசிபிக் தீவுகளில் பெரும்புயலைக் குறிக்கிறது. ஒரு மூலச்சொல் ஓரிடத்தில் திசையின் பெயராகவும், மற்றோரிடத்தில் பேரழிவின் பெயராகவும் ஆனது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண, அகராதியோடு அக்கடலின் காற்றோட்டத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். வானிலைச் சொற்கள் தாம் வழங்கும் இடத்தைத் தம்முள் சுமந்து நிற்பவை. அவ்வுண்மையை மறந்து சொற்களைக் கையாளும்போது உயிர்களும் பலியாகக்கூடும். இவ்வுரையில் நாம் விளக்க முற்படுவது இதுவே.

காற்றுக்குத் திசை, திசைக்குக் காற்று

மலாய், ஃபிஜி, சாமோவா, டோங்கா, ஹவாய், மாவோரி ஆகியன யாவும் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாயில் வானம் 'லாங்கிட்'. அது டோங்காவில் 'லங்கி', மாவோரியில் 'ரங்கி', ஹவாயில் 'லனி'. மலாயில் மழை 'ஹூஜான்'. அது டோங்காவில் 'உஹா', சாமோவாவிலும் ஹவாயிலும் 'உவா'. ஒலி மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. வானமும் மழையும் எத்தீவிலும் வானமும் மழையுமே ஆதலின், பொருள் மாறுவதற்குக் காரணம் எழவில்லை. காற்றின் பெயர்களோ வேறு வழியில் சென்றன.

'பாராட்', 'அஃபா' ஆகிய இரண்டுக்கும் மூலமாக மொழியியலார் மீட்டுருவாக்கிய பழஞ்சொல் மேற்குப் பருவக்காற்றைக் குறித்தது. மலாய்த் தீவுக்கூட்டத்தில் காற்று பருவந்தோறும் திசை மாறி வீசுகிறது. அங்கே காற்றின் பெயர் அது வரும் திசைக்கும் பெயராயிற்று. ஆனால், ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன் டோங்கா, சாமோவாப் பகுதிகளை அடைந்த கடலோடிகள் வேறொரு வானிலையைக் கண்டனர். அங்கே ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று சீராக வீசுகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வெப்பப் பருவத்தில் அக்காற்று தளர்வதுண்டு. அப்போது மேற்குக் காற்று வலுத்தால் பெருமழையோ புயலோ அருகில் இருப்பதாகவே பெரும்பாலும் கொள்ள வேண்டும். எனவே மேற்குக் காற்றின் பெயர் புயலின் பெயராகச் சுருங்கியது.

இத்தகைய பொருள்மாற்றம் தமிழுக்கும் புதிதன்று. 'கோடை' என்பது சங்கத் தமிழில் மேல்காற்றின் பெயர். இன்று அது வெயிற்காலத்தின் பெயர். 'கொண்டல்' கீழ்காற்றையும் குறிக்கும், அக்காற்றுக் கொணரும் மேகத்தையும் குறிக்கும். காற்று எதைக் கொண்டு வருகிறதோ அதுவே அதன் பெயரில் படிகிறது.

இன்னொரு சான்று மேலும் தெளிவானது. பாலினேசிய மொழிகளின் மூலச்சொற்களில் 'தோகெலாவ்' வடகாற்றையும், 'தோங்கா' தென்காற்றையும் குறித்தன. ஹவாய் மொழியில் இவை முறையே 'கோஒலாவ்', 'கோனா' என்று ஒலிமாறின. பொருளும் மாறியது. ஹவாய் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ளது. அங்கு வீசும் நிலையான காற்று வடகிழக்கிலிருந்து வருவது. ஆகவே தீவின் காற்று மோதும் பக்கம் 'கோஒலாவ்' எனவும், காற்று மறைவான பக்கம் 'கோனா' எனவும் பெயர் பெற்றன. இவ்வேறுபாடு வாழ்க்கையையே நிர்ணயிப்பது. காவாய் தீவில் ஈரக்காற்று மோதி மேலெழும் வையாலேயாலே மலைமீது ஆண்டுக்கு 9,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அதே தீவின் மறைவுப் பக்கக் கரையில் 1,000 மில்லிமீட்டரைக்கூட எட்டாத ஊர்கள் உள்ளன. பயிரிடுவோனுக்கும் படகோட்டிக்கும் தேவையான செய்தி அப்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது.

'வணிகக் காற்று' என்னும் மொழிபெயர்ப்பு

இங்கே ஆசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. மேற்கூறிய நிலையான காற்றை ஆங்கிலத்தில் 'டிரேட் விண்ட்' என்பர். பாடநூல்களில் அது 'வணிகக் காற்று' எனவும் 'வியாபாரக் காற்று' எனவும் இடம்பெறுகிறது. வணிகக் கப்பல்கள் பயன்படுத்தியமையால் அப்பெயர் வந்ததென்று மாணவர்கள் எளிதில் எண்ணிவிடுவர். உண்மையில் அவ்வாங்கிலச் சொல்லின் பழம்பொருள் தடம், செல்வழி என்பதாகும். ஒரே தடத்தில் மாறாது வீசுவது என்பதே பெயர்க்காரணம். 'தடக்காற்று' எனும்போது அக்காற்றின் இயல்பு பெயரிலேயே விளங்கிவிடுகிறது. பழகிய சொல்லை உடனே விலக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்தவில்லை. அதைக் கற்பிக்கையில் இவ்விளக்கத்தையும் சேர்த்தல் நலம்.

காற்றில்லாமல் வரும் அலை

கடலின் நிலையைக் கூறும் சொற்களுக்கு இன்னும் நுட்பம் வேண்டும். 'அலை' என்று நாம் பொதுவாகக் கூறுவதில் இருவகை உண்டு. அவ்விடத்துக் காற்றே எழுப்பும் அலை ஒன்று. அது குறுகியது, ஒழுங்கற்றது. எங்கோ தொலைவில் எழுந்த புயலினின்று புறப்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் நெடிய அலை மற்றொன்று. முன்னதைக் காற்றலை எனவும், பின்னதை நெடுந்தொலை அலை எனவும் இங்கு வழங்குவோம்.

மார்ஷல் தீவுகளின் மாலுமிகள் இவ்வேறுபாட்டைத் துல்லியமாக அறிந்திருந்தனர். கிழக்கிலிருந்து வரும் நெடிய அலை 'ரிலிப்'. மேற்கிலிருந்து வருவது 'கைலிப்'. தீவுகளால் இவ்வலைகள் வளைவதையும் ஒன்றையொன்று வெட்டுவதையும், தென்னை ஓலையின் நடுநரம்புக் குச்சிகளைக் கட்டிச் சிப்பிகளைத் தீவுகளாகப் பொருத்திய வரைபடங்களில் அவர்கள் கற்பித்தனர். கரை கண்ணுக்குத் தெரியாதபோதும் படகின் அசைவால் அதன் திசையை உணர்ந்தனர்.

இவ்வறிவு இன்றும் தேவைப்படுகிறது. 2015 மார்ச் மாதத்தில் பாம் என்னும் புயல் வனுவாட்டுத் தீவுகளைத் தாக்கியது. அதன் மையம் துவாலு நாட்டை நெருங்கவே இல்லை. எனினும் அப்புயல் எழுப்பிய நெடிய அலைகள் துவாலுவின் தாழ்ந்த தீவுகளுக்குள் புகுந்து வீடுகளையும் பயிர்களையும் சிதைத்தன. 'புயல் நம் தீவைத் தாக்காது' என்னும் கூற்று அங்கே முற்றிலும் உண்மை. ஆயினும் அதை மட்டும் கேட்ட ஒருவர் காப்படைந்திருக்க மாட்டார்.

புரியாத எச்சரிக்கை

மொழி தவறினால் விளைவது என்ன என்பதற்கு 2013 நவம்பர் 8 கொடிய சான்றாகும். அன்று ஹையான் புயல் பிலிப்பீன்ஸின் லேய்டே தீவைத் தாக்கியது. புயலின் வலிய காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளியது; காற்றழுத்தக் குறைவு நீர்மட்டத்தை மேலும் உயர்த்தியது. டக்லோபான் நகருக்குள் நீர் மனித உயரத்தைப் பன்மடங்கு மிஞ்சிப் பாய்ந்தது. நாடு முழுவதும் 6,000 பேருக்கும் மேல் இறந்தனர்.

முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. 'ஸ்டார்ம் சர்ஜ்' வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்வாங்கிலத் தொடர் எதைக் குறிக்கிறது என்பது பலருக்கு விளங்கவில்லை. 'சுனாமி போன்றது வரும் என்று கூறியிருந்தால் ஓடியிருப்போம்' என்னும் கருத்துப் பின்னர்ப் பரவலாக ஒலித்தது. சுனாமி கடலடி நிலநடுக்கம் போன்றவற்றால் எழுவது. புயலின் அலையேற்றமோ காற்றால் எழுவது. எனவே 'சுனாமி' என்பது அறிவியல்படி பிழை. ஆயினும் மக்கள் மனத்தில் அச்சொல்லுக்கு ஓர் உருவம் இருந்தது. சரியான சொல்லுக்கோ அவ்வுருவம் இல்லை. அதன்பின் 'டலுயோங்' என்னும் பிலிப்பினோச் சொல்லை எச்சரிக்கைகளில் வழங்கத் தலைப்பட்டனர்.

மக்களிடம் முன்பே உள்ள சொல்லை அறிவியல் ஏற்றுக்கொள்வதால் அதன் துல்லியம் குறைந்துவிடாது. காற்றில்லாத நாளில் நெடிய அலைகள் திடீரெனக் கரையேறுவதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்பர். கள்வனைப் போல் சொல்லாமல் வரும் கடல் என்பது பொருள். இந்தியக் கடல்சார் தகவல் மையம் அச்சொல்லையே தன் எச்சரிக்கைகளில் ஆள்கிறது. கன்னியாகுமரிக் கரையிலும் இன்று அச்சொல் கேட்கிறது. துவாலு மக்கள் கண்டதும் இயல்பால் இத்தகைய அலையே.

வகுப்பறையில் செய்யத்தக்க பணி ஒன்றை ஆசிரியப் பெருமக்களுக்குப் பரிந்துரைக்கிறோம். வானிலை எச்சரிக்கை ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, வீட்டில் மூத்தோர் ஒருவருக்கு அதை எடுத்துரைக்கச் சொல்லுங்கள். கேட்டபின் அவர் என்ன செய்வார் என்பதை எழுதிவரச் செய்யுங்கள். 'கதவைச் சாத்துவேன்' என்று அவர் கூற, எச்சரிக்கையோ 'மேட்டுநிலம் செல்க' என்று கருதியிருந்தால், எந்தச் சொல்லில் பொருள் நழுவியது என்று வகுப்பில் தேடுங்கள். அச்சொல்லைக் கண்டுபிடித்து வேறு சொல் அமைத்துத் தரும் மாணவன் மொழியியலின் பயனை அன்றே உணர்ந்துவிடுவான்.