பாட்டுப் பெட்டியும் ஒரு பழைய சிக்னல்காரனும்

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால், "எந்தப் பாயிண்ட் மாட்டிக்கொண்டது?" என்று கேட்டுக்கொண்டேதான் எழுந்திருப்பேன். ஓய்வு பெற்றதும் அந்த போன் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை என் ஐபாட் "டிக்... டிக்..." என்று முனக ஆரம்பித்தது.

2008-ல் வந்த 120 ஜி.பி. ஐபாட் கிளாசிக் அது. மகள் வாங்கித் தந்தது. நடுவில் வட்டமாக ஒரு சக்கரம்; விரலால் தடவினால் பாட்டுப் பட்டியல் ஓடும். 2014-ல் இந்த ரகத்தையே நிறுத்திவிட்டார்கள். இதனுள்ளே 1.8 அங்குல ஹார்டு டிஸ்க் ஒன்று சுழல்கிறது. அது டிக் டிக் என்றால் ஆயுள் முடியப்போகிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன அடாப்டர் பலகையில் மெமரி கார்டைச் செருகி வைக்கலாம். சுழலும் பாகம் இல்லை. பாட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். அடாப்டரும், பெரிதாகவே இருக்கட்டும் என்று 256 ஜி.பி. கார்டும் வரவழைத்தேன்.

பெட்டியைத் திறக்க உட்கார்ந்த நேரத்தில் புனேயிலிருந்து மகள் பேசினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா, அம்மா பாடினது வேற எங்கேயாவது இருக்கா?"

எனக்குப் பேச்சு எழவில்லை. 1993 நவராத்திரியில், நாக்பூர் அஜ்னி ரயில்வே குவார்ட்டர்ஸில், கொலுவுக்கு முன்னால் என் மனைவி பாடியதைக் காசெட்டில் பதிந்திருந்தேன். நடுவில் ஒரு சரக்கு வண்டியின் ஹார்ன் கூடக் கேட்கும். பிற்பாடு வீட்டிலிருந்த நூறு காசெட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து ஐபாடுக்கு மாற்றினேன். இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தும்விட்டேன். அந்தக் காசெட்டோ வீடு மாறியபோது மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்துப் போயிற்று. அவள் 2017-ல் காலமானாள். அவள் குரல் மிஞ்சியிருந்தது அந்த டிக் டிக் பெட்டியில் மட்டும்தான்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

ஐபாடில் பாட்டுகள் மறைவான கோப்புறைகளில் இருக்கும். கம்ப்யூட்டரில் மறைவானவற்றைக் காட்டச் சொன்னால் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகத் தெரியும். உள்ளே கோப்புகளுக்குப் புரியாத நாலெழுத்துப் பெயர்கள். பயப்பட வேண்டாம், பார்சலுக்குள் சீட்டு வைத்தது போல, பாட்டின் பெயர் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றையும் நகலெடுக்க ஒரு ராத்திரி முழுதும் ஆயிற்று. கொலுப் பாட்டு இரண்டு தடவை பாதியில் நின்றது. சற்று ஆறவிட்டு, மூன்றாம் தடவை எடுத்தபோது முழுதாக வந்தது. அதன் பிறகுதான் எனக்குக் காபி இறங்கியது.

பிறகு அறுவை சிகிச்சை. கார்டைப் பொருத்தி மூடினால் தொடக்கச் சின்னம் வரும், அணையும், மறுபடி வரும். சிக்னல்காரன் முதலில் சந்தேகப்படுவது இணைப்பைத்தான். மெல்லிய ரிப்பன் கேபிள் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நேராக்கிப் பூட்டினேன், உயிர் வந்தது.

பழைய பாட்டுகளை ஏற்றினேன், நன்றாகவே பாடியது. நம் சங்க விழா ஒலிப்பதிவுகளையும் சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்துக்கு மேல் பாட்டுகள் துள்ளின. மறுநாள் திறந்தால் பட்டியலே காலி!

போலி கார்டோ? சந்தையில் உண்டு, 256 என்று காட்டிவிட்டு உள்ளே மிகக் குறைவாக இருக்கும். முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்துச் சோதிக்கும் மென்பொருள் இருக்கிறது. சோதித்தேன். கார்டு நிஜம்தான்.

அப்புறம்தான் கணக்கு புரிந்தது. இந்த மாடல் சேமிப்பு அறைகளுக்கு இடும் விலாசம் 28 பிட். அதாவது 26,84,35,456 அறைகள். அறைக்கு 512 பைட். பெருக்கினால் ஏறக்குறைய 137 ஜி.பி. அதற்கு மேல் எண்ணத் தெரியாது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதே கதை. எல்லை தாண்டிய பாட்டு முதல் அறைக்கே போய், அங்கிருக்கும் பதிவேட்டின் மேலேயே எழுதிவிட்டது.

128 ஜி.பி. கார்டு வாங்கிப் போட்டேன். ரிஸ்டோர் செய்து, பாட்டுகளை மறுபடி ஏற்றினேன். ரிஸ்டோர் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதை நினைவில் வையுங்கள். என்னிடம் நகல் இருந்ததால் கை நடுங்கவில்லை. இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

இதில் நான் கற்றது புதிதல்ல. வேலையில் சேர்ந்த நாளில் மூத்த மெக்கானிக்குகள் சொன்னதுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியபின் சோதித்துப் பார். கருவியைத் தொடுமுன் இருப்பதைக் காப்பாற்று. இவ்வளவு தெரிந்தவனுக்கும், மகள் கேட்ட பிறகுதான் கடைசிப் பாடம் ஞாபகம் வந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு காசெட் பெட்டி இருக்கும். ஊரிலிருந்து தாத்தா பேசி அனுப்பியதோ, குழந்தையின் முதல் மழலையோ, யார் கண்டது? இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். காசெட் பிளேயர் இல்லையென்றால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. நேரமும் நிறைய இருக்கிறது.