போலி என்னும் சொல்

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் சொல் 'போலி'. 'அவனைப் போல', 'பூவைப் போல' என்று சொல்கிறோமே, அந்தப் 'போல' பிறந்த அடியிலேதான் இதுவும் பிறந்தது. ஒன்றைப் போல இருப்பது போலி. அதன் முதற்பொருள் அவ்வளவே. அதில் வஞ்சகம் ஏதும் இல்லை.

இலக்கணம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அறம் என்பதை அறன் என்றும், பந்தல் என்பதைப் பந்தர் என்றும் எழுதினால் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நின்று அதே வேலையைச் செய்கிறது. இலக்கணத்தார் இதற்கு வைத்த பெயர் போலி. ஏமாந்தவர் யாரும் இல்லை.

பேச்சு வழக்கில் கதை வேறு. போலிக் கையெழுத்து, போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்னும்போது, ஒத்திருக்கும் தன்மையே உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. கலப்படம் என்பது வேறு. பாலில் தண்ணீர் ஊற்றினால் கலப்படம். உள்ளே பாலும் இருக்கத்தான் செய்கிறது. மாட்டுப் பாலைச் சொல்கிறேன். கித்தாப் பாலில் ஊற்றினால், மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டதுமே தெரிந்துவிடும்!

ஆகவே, ஒன்றைப் போலி என்று சொல்லும்போது, 'இது எதற்குப் போலி?' என்று கேட்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டியும் பால் வாளி சுமந்தும் இடுப்பு நொந்தவர்கள், இரவுச் சந்தையில் ஜாமு என்றும் மூலிகை மாத்திரை என்றும் வாங்குகிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. "வேலை செய்கிறதே, வாத்தியாரே, இது எப்படிப் போலியாகும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

இப்படி விற்கப்பட்ட சிலவற்றை மலேசியச் சுகாதார அமைச்சு சோதித்தபோது, டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து உள்ளே இருந்தது. வலியை அடக்கியது அதுதான். அங்கே மருந்து மெய்; 'வெறும் மூலிகை' என்ற பேச்சுதான் போலி. மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டியதை மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், இரைப்பையில் இரத்தம் கசியவும் கூடும்.

பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானாகச் சுரக்க வேண்டியதை அதற்குள் குறைத்திருக்கும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். மறைக்காமல் காட்டுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வாங்குமுன் உறையைப் பாருங்கள். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும், அடுத்து எட்டு இலக்கங்களும், முடிவில் எழுத்தும் இருக்கும். வேறொரு மருந்தின் எண்ணை அச்சடித்து ஒட்டுவோரும் உண்டு. அந்த எண் அந்தப் பெயருக்கே உரியதா என்பதை மருந்தகத்தில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்; வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளையும் அரசாங்கப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.